ஏட்டில் ஏறிய கருவி

கருவியைப் படைப்பது ஓர் அருஞ்செயல். அதன் அமைப்பை எழுதி உலகறியச் செய்வதும் அதற்கு இணையான செயலே. நுண்ணளவி என்னும் வானியற் கருவியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இங்கிலாந்தின் யார்க்சயர்ப் பகுதியில் வாழ்ந்த வில்லியம் காஸ்கோயின், தொலைநோக்கியின் குவியத்தில் மெல்லிய இழையொன்று இருப்பின் அது விண்பொருளுடன் சேர்ந்தே தெளிவாகத் தெரியும் என்பதை 1640ஆம் ஆண்டையொட்டிக் கண்டறிந்தார். பின்னர் அவ்விடத்தில் இரு தகடுகளைப் பொருத்தி, நுண்புரித் திருகாணி ஒன்றால் அவற்றை நெருங்கவும் விலகவும் செய்தார். நிலவின் இரு விளிம்புகளையும் தகடுகள் தொட்டு நிற்கும்போது, திருகாணி சுழன்ற சுற்றுகளைக் கொண்டு நிலவின் கோண அகலத்தைக் கணக்கிட முடிந்தது. கண்மதிப்பு எண்ணளவாயிற்று.

இவ்வருஞ்செய்தியை அவர் வில்லியம் கிராப்டிரீ முதலிய நண்பர்களுக்கு மடல்களில் எழுதினாரேயன்றி, அச்சில் வெளியிட்டாரில்லை. அறிவியலுக்கென ஓர் இதழ் அந்நாளில் அங்கு இல்லை. 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது. மன்னர் பக்கம் நின்ற காஸ்கோயின் 1644இல் மார்ஸ்டன் மூர் போர்க்களத்தில் மாண்டார். கிராப்டிரீயும் அவ்வாண்டே மறைந்தார். கருவியைப் பற்றிய செய்தி சில மடல்களுக்குள் உறங்கிற்று.

1665ஆம் ஆண்டு மார்ச் திங்களில், இலண்டன் அரச கழகத்தின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க், ‘பிலசாபிகல் டிரான்சாக்சன்ஸ்’ என்னும் இதழைத் தொடங்கினார். அதன் முதற்கட்டுரையே உரோமாபுரியில் செம்மைப்படுத்தப்பெற்ற தொலைநோக்கி வில்லைகளைப் பற்றியதாகும்.

1667இன் தொடக்கத்தில், விண்பொருள்களின் அகலத்தை அளக்கும் முறையொன்றைப் பிரெஞ்சு அறிஞர் அட்ரியன் ஓசூ கண்டுள்ளார் என அவ்விதழ் அறிவித்தது. அதனைக் கண்ட லங்காசயர்ப் பகுதியினரான ரிச்சர்டு டவுன்லி, அத்தகைய கருவியைக் காஸ்கோயின் பல்லாண்டுகட்கு முன்பே செய்து பயன்படுத்தினார் என்று எழுதினார். காஸ்கோயினின் மடல்களும் கருவியும் அவர்பால் இருந்தன. அவருடைய கடிதம் அவ்வாண்டே இதழில் வெளிவந்தது. தொடர்ந்து, ராபர்ட் ஊக் கருவியின் படத்தையும் விளக்கத்தையும் அளித்தார். பின்னாளில் கிரீன்விச் வான்காணகத்தின் முதல் அரச வானியலாளரான ஜான் ஃபிளாம்ஸ்டீடு அவ்வகைக் கருவியைக் கையாண்டு விண்ணளந்தார்.

இதனால் ஓசூவின் புகழுக்கு இழுக்கில்லை. காஸ்கோயினின் பணியை அறியாமலேயே அவர் தம் முறையைக் கண்டார். அறியும் வழி இல்லாமற் போனதே குறை. ஒருவர் முன்பே கண்டதை மற்றொருவர் மீண்டும் முதலிலிருந்து தேட நேர்ந்தது. இருபத்துமூன்று ஆண்டுகள் மறைந்து கிடந்த ஒருவரின் உழைப்பை ஓர் இதழின் சில பக்கங்கள் மீட்டுத் தந்தன. கைத்திறன் கருவியை ஆக்குகிறது. எழுத்தே அதனைத் தலைமுறைகளின் உடைமையாக்குகிறது.