ஓர் அளவுகோல் குத்தம்பாக்கம் வந்த வழி

அறுபது வயதைக் கடந்தபின் பக்கவாதம் வந்தவர்கள் எவ்வளவு தேறுகிறார்கள் என்று ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் ரேங்கின் 1957-ல் எழுதினார். அதற்காக நோயாளிகளை ஐந்து தரமாகப் பிரித்தார். இன்று உலகெங்கும் பக்கவாத ஆய்வுகளில் புழங்கும் ரேங்கின் அளவுகோலின் பிறப்பு அதுதான்.

1980-களில் அது திருத்தப்பட்டது. எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் 0, படுத்த படுக்கை என்றால் 5. மரணத்துக்கு 6 என்பது பின்னால் சேர்ந்தது. இதற்குக் கருவி வேண்டாம். கேட்பவரின் கேள்வியும் நோயாளியின் பதிலும் போதும். அதன் பலமும் பலவீனமும் அதுவே.

1988-ல் நெதர்லாந்தில் அதைச் சோதித்தார்கள். மூத்த நரம்பியல் மருத்துவர்கள் 10 பேர், பயிற்சி மருத்துவர்கள் 24 பேர். நூறு நோயாளிகளில் ஒவ்வொருவரையும் இருவர் விசாரித்துத் தனித்தனியே மதிப்பிட்டனர். 65 பேருக்கு ஒரே தரம் கிடைத்தது. 32 பேருக்கு ஒரு படி வித்தியாசம். மூவருக்கு இரண்டு படி. பெரிய பிழைகள் அரிது. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் தரம், கேட்ட ஆளைப் பொறுத்து மாறியது. 2002-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் வரிசைப்படுத்திய கேள்விகளைத் தயாரித்தார்கள். எல்லோரும் அதே கேள்விகளைக் கேட்டபோது ஒற்றுமை கூடியது.

இந்தியாவில் 2014 முதல் 2016 வரை 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்து 'அட்டெண்ட்' ஆய்வு நடந்தது. குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்து வீட்டில் சிகிச்சை செய்யவைத்தால் பலன் உண்டா என்பதே கேள்வி. யாருக்கு எந்தச் சிகிச்சை என்று தெரியாதவர்களே ஆறு மாதம் கழித்து ரேங்கின் தரம் போட்டார்கள். இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் இரு பிரிவிலும் 47 சதவீதம். குடும்பப் பயிற்சியால் கூடுதல் பலன் தெரியவில்லை. இவ்வளவு பெரிய தீர்ப்பு சில எளிய கேள்விகளின் மேல்தான் நிற்கிறது.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் பிசியோதெரபி தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகளுக்கே வருகிறது. பூந்தமல்லி ஒன்றியத்துக் குத்தம்பாக்கத்தில் கை கால் விழுந்துபோன ஒரு பெரியவருக்கு ரேங்கின் தரம் போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மருமகள் சோறு ஊட்டுகிறாள். அவரால் சாப்பிட முடியாததாலா, பாசத்தாலா? அவர் சமைப்பதில்லை. முன்பாவது சமைத்தாரா? கைத்தடி ஊன்றி ரேஷன் கடைக்குத் தனியாகப் போய்வந்தால், அது துணையின்றி நடப்பதே. இதையெல்லாம் கேட்காவிட்டால் 2 என்பது 3 ஆகிவிடும். 2 என்றால் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்கிறார். 3 என்றால் அவருக்குப் பிறர் கை வேண்டும்.

இந்த வீட்டு வழக்கங்களை அறிந்திருப்பது அனுபவத்தின் கொடை. ஆனால் எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் அவரவர் இஷ்டத்துக்குக் கேட்டால் தரம் ஒத்துவராது. எனவே ஆரம்ப சுகாதார நிலையங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நம் ஊர் வாழ்க்கைக்கேற்ற கேள்விகளைத் தமிழில் வரிசைப்படுத்திக் கொடுங்கள். மூத்தவரும் புதியவரும் ஒரே நோயாளியைத் தனித்தனியே மதிப்பிட்டு, வித்தியாசம் வந்தால் உட்கார்ந்து பேசட்டும். வீட்டாரே, நோய்க்கு முன் அவர் என்னென்ன செய்தார், இப்போது எதைத் தானே செய்கிறார் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.