ஜோ என்ற பெட்டி



நான்காம் ஆண்டு மாணவர் ஒருவர் ஸ்கிராட்ச் மென்பொருளில் மீன் விளையாட்டு ஒன்றை அமைத்திருந்தார். ஒரே மீனின் பத்து நகல்கள். ஒரு மீனுக்கு அடிபட்டால் பத்து மீன்களின் உயிரும் குறைந்தது. “நான் ஒன்றைத்தானே தொட்டேன், ஆசிரியர்!” என்று அழாத குறையாகக் கேட்டார். ‘உயிர்’ என்னும் மாறியை எல்லா உருவங்களுக்கும் பொதுவாக அவர் அமைத்திருந்ததே காரணம். இச்சிறு பிழைக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு.

நார்வே நாட்டின் ஓஸ்லோவில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகிய இருவரும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில், ஒரு வகுப்பிலிருந்து பல பொருள்கள் பிறந்தன. ஒவ்வொன்றும் தனக்குரிய மதிப்புகளைத் தானே வைத்திருந்தது. ஆயினும், பிற பொருள்கள் வெளியிலிருந்தே அவற்றைத் தொட முடிந்தது. அடுத்த வீட்டார் நம் அலமாரியைத் திறப்பது போன்ற நிலை அது!

கலிபோர்னியாவின் ஸீராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கே 1972இல் வடிவமைத்த மொழி ஸ்மால்டாக். டான் இங்கால்ஸ் அதற்குச் செயல்வடிவம் தந்தார். பிள்ளைகளும் பயன்படுத்தக்கூடிய கணினியே ஆலன் கேயின் கனவு. அங்குப் பணியாற்றிய அடேல் கோல்ட்பர்க், ‘ஜோ’ என்னும் பெட்டியைக் கொண்டு பிள்ளைகளுக்கு அம்மொழியைக் கற்பித்தார். திரும்பு என்று ஜோவுக்குச் செய்தி அனுப்பினால் ஜோ மட்டுமே திரும்பும். ‘ஜில்’ என்ற மற்றொரு பெட்டி அசையாது. இடம், அளவு, சாய்வு ஆகியவை ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்தம். இவற்றையே இன்ஸ்டன்ஸ் வேரியபிள் என்பர். நம் பள்ளியின் தேர்ச்சி அறிக்கையை எண்ணிப் பாருங்கள். படிவம் எல்லாருக்கும் ஒன்று. அதில் எழுதப்படும் எண்கள் அவரவருடையவை.

பின்னர் வந்த ஸ்மால்டாக் 80 மொழியில், ஒரு பொருளின் மாறிகளை அதன் சொந்தச் செயல்முறைகளே நேரடியாகத் தொட முடியும். மற்றவர்கள் செய்தி அனுப்பிக் கேட்க வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும்போதே வகுப்பில் புதிய மாறியொன்றைச் சேர்த்தால், முன்பே பிறந்த பொருள்களுக்கும் அம்மாறி கிடைக்கும். அதன் மதிப்பு ‘நில்’, அதாவது வெறுமை. ஜப்பானியர் யுகிஹிரோ மட்ஸுமோட்டோ 1995இல் வெளியிட்ட ரூபி மொழி இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதில் முன்னறிவிப்பே தேவையில்லை. மதிப்பை இடும் நொடியில் மாறி பிறக்கும். வசதிதான்! ஆனால், பெயரை ஓரெழுத்துப் பிழையாக எழுதினால் வேறொரு மாறி பிறந்துவிடும். எழுத்துப்பிழை திருத்தியே கைவலிக்கும் நமக்கு இது புதிதா என்ன?

2007இல் எம்.ஐ.டி. வெளியிட்ட ஸ்கிராட்ச்சின் முதற்பதிப்பு, ஸ்மால்டாக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்குவீக்கில் எழுதப்பட்டதாகும். ‘இந்த உருவத்திற்கு மட்டும்’ என்று அதில் காணப்படும் தெரிவு ஜோ பெட்டியின் வழிவந்ததே. அதைத் தெரிவு செய்தால், நகல் ஒவ்வொன்றும் தன் உயிரைத் தானே கணக்கு வைத்துக்கொள்ளும். முன்பே அமைத்த மாறியின் எல்லையை ஸ்கிராட்ச்சில் மாற்ற இயலாது. அதனால் அம்மாணவர் பழைய ‘உயிரை’ அழித்துவிட்டுப் புதியதை அமைத்தார். அதன்பின் அடிபட்ட மீன் மட்டுமே மறைந்தது.