ஐதரில்லா: இலங்கையிலிருந்து வந்த செடி

ஊரில் விஞ்ஞான பாடத்தில் ஐதரில்லாவைத் தண்ணீரில் இட்டு, விளக்கை நெருக்கிக் குமிழிகளை எண்ணியது பலருக்கு நினைவிருக்கும். பேர்லேண்டிலும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம். ஆனால் ஐதரில்லா வேண்டாம். டெக்சஸில் அனுமதியின்றி அதை வைத்திருப்பதே குற்றம்.

1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்துதான் அது புளோரிடாவுக்கு வந்தது. எங்களுக்கு முன்பே வந்துவிட்டது! 1960இல் அங்கே ஆற்றிலும் கால்வாயிலும் காணப்பட்டது. முழு வெயிலின் 1 சதவீதத்துக்கும் குறைந்த ஒளியிலேயே ஒளித்தொகுப்புச் செய்யும். அதனால் மற்றச் செடிகள் தாக்குப்பிடிக்காத இருண்ட ஆழத்திலும் வளர்ந்து, மேலே பாயாக விரிந்து, கீழே உள்ளவற்றின் வெளிச்சத்தை மறைத்துவிடும்.

பரிசோதனைக்கு இந்நாட்டுக் கபொம்பா போதும். விளக்கின் தூரத்தை இரட்டித்தால் ஒளி கால்பங்காகும், குமிழிகளும் குறையும். நெருக்கிக்கொண்டே போனாலோ, ஓரளவுக்குமேல் கூடாது. அப்போது போதாமல் இருப்பது ஒளியல்ல, காபனீரொட்சைட்டு. ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டு மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.