வயலில் பிறந்த சங்கிலியும் வானலையில் ஓடும் டாங்கியும்



சம்மாந்துறை, நிந்தவூர் வயல்வெளிகளில் அறுவடைக் காலத்தில் ஓர் இயந்திரம் ஊர்ந்து செல்வதைக் கண்டிருப்பீர்கள். அதற்குச் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த இறப்பர்ப் பட்டை சுழன்றுகொண்டிருக்கும். ஈரம் உலராத வயலிலும் அது புதைவதில்லை. பெரும்பாரத்தை நீண்ட பட்டையின் மீது பரப்பி வைப்பதே அதன் இரகசியம். இன்று கல்முனைச் சிறுவன் ஒருவன் கையடக்கமான கருவியை அழுத்த, வீட்டு முற்றத்தில் ஊர்ந்து செல்லும் பொம்மை டாங்கியும் இதே பட்டையின் மீதுதான் ஓடுகிறது. வயலுக்கும் பொம்மைக்கும் இடையே போர்க்களம் ஒன்று கிடக்கிறது. அந்த வரலாற்றையே இன்று சொல்ல விழைகின்றோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஸ்ரொக்ரன் நகரை அடுத்த வயல்கள் சதுப்பானவை. நீராவி உழவு இயந்திரங்கள் அவற்றில் புதைந்துபோயின. சக்கரத்தை எவ்வளவு அகலமாக்கியும் பயன் இல்லை. 1904ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பெஞ்சமின் ஹோல்ற் என்பவர், சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் சங்கிலிப் பட்டையைப் பூட்டி ஓட்டிப் பார்த்தார். இயந்திரம் சேற்றின் மேல் நடந்தது. உழவனுக்காகக் கண்ட உபாயம் அது.

பத்தாண்டுகள் கழிந்தன. முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினர் ஹோல்ற் இயந்திரங்களைப் பீரங்கி இழுக்கப் பயன்படுத்தினர். சேறும் முள்வேலியும் பதுங்கு குழியும் படைகளைத் தடுத்து நின்ற வேளை, இப்பட்டையின்மீது இரும்புக் கவசத்தை ஏற்றினால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. இங்கிலாந்தின் லிங்கன் நகரில் அது உருவாயிற்று. பகைவர் அறியாதிருக்கும் பொருட்டு அதனை நீர்த்தொட்டி என்று பொருள்படும் ‘டாங்க்’ என்னும் பெயரால் 1915ஆம் ஆண்டின் இறுதியில் குறித்தனர். நம் நாட்டு ஆங்கிலத்தில் குளத்தைக் குறிக்கும் சொல்லும் அதுவே! நெல்லுக்கு நீர் தரும் குளத்தின் பெயரை, உயிர் பறிக்கும் வாகனம் ஒன்று பூண்டுகொண்டது. 1916ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் பிரான்சின் சொம் போர்க்களத்தில் டாங்கிகள் முதன்முதலாகப் போரிட்டன.

இனி, கம்பியில்லாமல் ஏவும் வித்தையைப் பார்ப்போம். இதன் தொடக்கத்தில் நமது அயல்நாட்டு அறிஞர் ஒருவரே நிற்கிறார். 1895ஆம் ஆண்டில் கல்கத்தா நகரில் ஜகதீச சந்திர போஸ், சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலைகளால் தொலைவிலிருந்த மணியொன்றை ஒலிக்கச் செய்தார். அதே அலைகளால் வெடிமருந்தையும் பற்றவைத்தார். மணியும் வெடிமருந்தும்! வானலைக்கு இவ்விரண்டும் ஒன்றே என்பதை அந்தச் சோதனை அன்றே காட்டிவிட்டது. எதை ஏவுவது என்பது மனிதனின் பொறுப்பு.

1898ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் நிக்கொலா டெஸ்லா, சிறு படகொன்றை வானலையால் செலுத்திக் காட்டினார். 1904ஆம் ஆண்டில் ஸ்பானிய அறிஞர் டொறஸ் கெவேடோ மூன்று சக்கர வண்டியொன்றைத் தரையில் அவ்வாறே ஓட்டினார். 1930களில் சோவியத் படையினர் ஆளில்லாத டாங்கியை, பின்னால் வரும் இன்னொரு டாங்கியிலிருந்து வானலையால் செலுத்தும் முறையை அமைத்து, 1939–40ஆம் ஆண்டுகளின் பின்லாந்துப் போரில் அதனைக் களத்தில் இறக்கினர். இவ்வாறு வயலில் பிறந்த சங்கிலியும் ஆய்வுகூடத்தில் பிறந்த அலையும் போரிலே ஒன்றுகூடின.

அவ்விரண்டையும் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவந்தது டிரான்சிஸ்டர். 1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த அச்சிறு பொருள், கனத்த வால்வுகளின் இடத்தைப் பிடித்து, வாங்கிக் கருவிகளைச் சுருக்கியது. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1974ஆம் ஆண்டில் ஷேர்மன் டாங்கியின் பதினாறில் ஒரு பங்கு உருவத்தை வானலையால் இயங்கும் மாதிரியாக வெளியிட்டது. ஏறத்தாழ 5.8 மீற்றர் நீளமான வாகனம், 37 சென்ரிமீற்றருக்குள் அடங்கிற்று. இன்றும் இக்கலையில் ஈடுபடுவோர் பெரிதும் விரும்பும் அளவு இதுவே.

இதனைத் தொடங்க விரும்பும் இளைஞர் முதலில் அறிய வேண்டியது யாது? டாங்கிக்குத் திருப்பும் சக்கரம் கிடையாது. இடப் பட்டைக்கு ஒரு மோட்டார், வலப் பட்டைக்கு ஒரு மோட்டார். இடப்புறம் நின்று வலப்புறம் ஓடினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். ஒன்று முன்னும் மற்றொன்று பின்னும் ஓடினால் நின்ற இடத்திலேயே சுழலும். நமது உழவர்க்கு இது புதிதன்று. இருசக்கர உழவு இயந்திரத்தைத் திருப்பும்போது ஒரு பக்கத்துப் பிடியை அழுத்தி, அப்பக்கத்துச் சக்கரத்தின் விசையை விடுவிக்கின்றோம் அல்லவா? தத்துவம் ஒன்றே.

அடுத்து அலைவரிசை. முன்னாளில் 27 மெகாஹேட்ஸ் போன்ற அலைவரிசைகளில் இருவர் ஒரே வழியைப் பிடித்தால், ஒருவரின் கட்டளைக்கு மற்றவரின் வண்டி ஓடும். இன்றைய 2.4 கிகாஹேட்ஸ் கருவிகளில் ஒவ்வொரு செலுத்தியும் தன்னோடு இணைத்த வாங்கியோடு மட்டுமே பேசுகிறது. ஆதலால் பலர் ஒரே முற்றத்தில் கூடி ஓட்டலாம். வெளிநாட்டிலிருந்து வானலைக் கருவி தருவிப்போர், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகளை முன்கூட்டியே கேட்டறிதல் நன்று. குண்டு எறியும் வகையை விடுத்து, அகச்சிவப்புக் கதிரால் விளையாடும் வகையைத் தேர்ந்தால் கண்ணுக்குக் கேடில்லை.

நமது கரையோரத்துக்கென ஓர் எச்சரிக்கை உண்டு. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கடற்கரை மணல் அழைக்கும், இணங்காதீர்கள். நுண்மணல் பற்சக்கரங்களுக்கிடையே புகுந்து அவற்றைத் தின்றுவிடும். உப்புக்காற்று மின்னிணைப்புகளைத் துருவேற்றும். இறுகிய மண்தரையே ஏற்றது. ஓடி முடிந்ததும் தூரிகையால் துடைத்து, மின்கலத்தைக் கழற்றி வைத்தல் வேண்டும். லிதியம் மின்கலத்தை ஆளில்லா வீட்டில் மின்னேற்ற விட்டுச் செல்லலாகாது.

இனி, பெரியோர் கேட்கும் கேள்விக்கு வருவோம். 1983 முதல் 2009 வரை போர் கண்ட நாடு இது. கிழக்கிலே போர் என்பது ஏட்டில் வாசித்த செய்தியன்று. வீடுதோறும் நுழைந்த துயரம். அப்படியிருக்க, பிள்ளையின் கையில் டாங்கியைக் கொடுப்பது தகுமா?

இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடலாகாது. வேண்டாம் என்னும் தாயின் சொல்லில் நியாயம் உண்டு. ஆயினும் ஒன்றை நினைவுகூர்வோம். 1920களில் எட்வேட் ஹாப்பர் என்னும் பொறியியலாளர் கொழும்பில் வானொலி பரப்பத் தொடங்கியபோது, சிறைபிடிக்கப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானலைக் கருவியின் பாகங்களைக் கொண்டே செலுத்தியை அமைத்தார் என்பர். 1925ஆம் ஆண்டு டிசெம்பரில் முறையாக ஒலிக்கத் தொடங்கிய நமது ஒலிபரப்பின் வேர் அங்கே இருக்கிறது. போருக்கென அமைந்த கருவி பாட்டையும் செய்தியையும் சுமந்தது.

ஆதலின், பொம்மையை வாங்கிக் கொடுப்பதோடு நில்லாது, அதன் கூட்டைத் திறந்து காட்டுங்கள். பீரங்கிக் கோபுரத்தைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது, ஆளின்றி ஊர்ந்து செல்லும் சிறு வண்டி. அதன்மீது விதை தூவும் பெட்டியையோ, நீரின் ஆழத்தை அளக்கும் கருவியையோ ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சங்கிலிப் பட்டை சேற்று வயலில் உழவனுக்காகப் பிறந்தது. அது வந்த வழியே வயலுக்குத் திரும்பிச் செல்லும் பாதையை நம் பிள்ளைகள் கண்டுகொள்வார்களாயின், அதுவே இவ்விளையாட்டின் பெரும்பயன் ஆகும்.