சின்ன வண்டிக்குத்தான் முதலில் வந்தது: பவர் ஸ்டீயரிங்கின் கதை

அப்பாவிடம் 1994 மாடல் மாருதி 800 ஒன்று இருக்கிறது. ஒன்றரை வருடமாக நானும் அவரும் சனி, ஞாயிறுகளில் அதைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறோம். துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டி வெல்டு வைத்தாயிற்று, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று, பெயின்ட்டும் முடிந்தது. எல்லாம் கூடி வரும் நேரத்தில் அப்பாவின் வலது தோள் இறுகிக்கொண்டது. கை தோளுக்கு மேலே போக மறுக்கிறது. "வண்டி ஓட்டலாம், ஆனா ஸ்டீயரிங்கை இழுத்துப் பிடிச்சுத் திருப்பக் கூடாது" என்றார் டாக்டர். எங்கள் தெருவில் மூன்று முறை முன்னும் பின்னும் போகாமல் வண்டியை வீட்டுக்குள் விட முடியாது. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "வித்துடுங்க."

மெக்கானிக்கிடம் கேட்டேன். "பழைய ஆல்ட்டோல இருக்கிற பவர் ஸ்டீயரிங்கைக் கழட்டி இதுல மாட்டிடலாம் சார். கரண்டுல ஓடுறது, ஆயில் கீயில் எதுவும் கிடையாது" என்றார். சொன்ன வேகத்தைப் பார்த்தால் ஏதோ ரேடியோ மாட்டுவது மாதிரி இருந்தது. அப்பாவின் கையில் இருக்கப்போகிற சமாச்சாரம் என்பதால் எனக்குப் பயம். இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். தேடப் போனது ஒயரிங் படம், கிடைத்தது ஒரு வரலாறு. அதன் குறிப்புகள்தான் இவை.

முதலில், ஸ்டீயரிங் ஏன் கனக்கிறது? ஓடுகிற வண்டியில் டயர் உருண்டுகொண்டே திரும்புகிறது, அதனால் லேசாக இருக்கும். நிற்கிற வண்டியில் டயர் தரையோடு தேய்ந்துகொண்டுதான் திரும்ப வேண்டும். அதனால்தான் பார்க்கிங்கில் இவ்வளவு பாடு. இதற்குப் பழைய வைத்தியம் பல்சக்கர விகிதத்தை மாற்றுவது. கை லேசாகும், ஆனால் வளையத்தை அதிகச் சுற்று சுற்ற வேண்டும். இன்னொரு வைத்தியம் வளையத்தையே பெரிதாக்குவது. பழைய லாரிகளின் ஸ்டீயரிங் தாம்பாளம் போல இருந்ததற்கு அதுதான் காரணம். பலம் வேண்டுமா, வேகம் வேண்டுமா, ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து ஒரு சக்தி வந்து கை கொடுத்தால் மட்டுமே இரண்டும் கிடைக்கும்.

அந்தச் சக்தி முதலில் எண்ணெயிலிருந்து வந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. 1903இலேயே அமெரிக்காவில் கொலம்பியா என்ற 5 டன் டிரக்கில், முன் சக்கரங்களைத் திருப்ப உதவுவதற்கென்றே தனியாக ஒரு மின் மோட்டார் வைத்திருக்கிறார்கள். யோசனை அத்தனை பழசு. ஆனால் அது அங்கேயே நின்றுபோனது. அடுத்த பெரிய அடியை எடுத்துவைத்தவர் எண்ணெயை நம்பினார்.

அவர் பிரான்சிஸ் டேவிஸ். பியர்ஸ்-ஆரோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் டிரக் பிரிவில் தலைமைப் பொறியாளர். கனரக டிரக்கின் ஸ்டீயரிங்கோடு ஓட்டுநர்கள் மல்லுக்கட்டுவதை அருகிலிருந்து பார்த்தவர். 1922இல் வேலையை விட்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் ஊரில், ஜார்ஜ் ஜெசப் என்ற கருவித் தொழிலாளியைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

அதற்கு முன் இருந்த எண்ணெய் அமைப்புகளில் வால்வு மூடியே இருக்கும், அழுத்தம் எந்நேரமும் உள்ளே நிற்கும், அதனால் கசிவுத் தொல்லை. டேவிஸ் இதைத் தலைகீழாக்கினார். வால்வு திறந்தே இருக்கட்டும், எண்ணெய் சும்மா சுற்றி வரட்டும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் வால்வு ஒரு பக்கம் மூடி, தேவையான இடத்தில் அழுத்தம் ஏறட்டும். கேட்டால் சின்ன விஷயம், ஆனால் இன்றுவரை ஓடுகிற எண்ணெய் வகைப் பவர் ஸ்டீயரிங்குக்கு அடிப்படை அதுதான்.

1920களின் நடுவில் ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் அதை மாட்டி ஓட்டிக் காட்டினார். 1926இல் ஜெனரல் மோட்டார்ஸ் அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கடிலாக் காரில் கொண்டுவருவதாகத் திட்டம். அதற்குள் பொருளாதாரப் பெருமந்தம் வந்துவிட்டது. கார் விற்பதே பெரும்பாடாக இருக்கும்போது இத்தனை செலவு பிடிக்கும் பொருளைச் சேர்க்க மனமில்லாமல், 1934இல் நிறுவனம் கைகழுவியது. டேவிஸ் 1936இல் பெண்டிக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்தார். பிறகு உலகப் போர். கவச வண்டிகளின் எடையைக் கைகளால் திருப்ப முடியாதபோதுதான் அவருடைய கண்டுபிடிப்புக்கு ஆயிரக்கணக்கில் வேலை வந்தது.

சாதாரண ஜனங்கள் வாங்கும் காருக்கு அது வந்தது 1951இல். அதுவும் ஜெனரல் மோட்டார்ஸ் வழியாக அல்ல. கிறைஸ்லர் தன் இம்பீரியல் காரில் 'ஹைட்ராகைடு' என்ற பெயரில் கொண்டுவந்தது. காலாவதியாகிப்போன டேவிஸின் காப்புரிமைகளை வைத்துத்தான் அதைச் செய்தார்கள். விழித்துக்கொண்ட ஜெனரல் மோட்டார்ஸ் மறுபடியும் டேவிஸிடமே போய், 1952இல் கடிலாக்கில் கொண்டுவந்தது. ஓடிக் காட்டிய ஒரு பொருள் கடைக்கு வர இருபத்தைந்து வருடம்!

இதில் கவனிக்க வேண்டியது, எண்ணெய் வகை பெரிய, விலை உயர்ந்த வண்டிகளில் தொடங்கி மெல்லக் கீழே இறங்கியது. ஆனால் கடைசிப் படி வரைக்கும் அதனால் இறங்க முடியவில்லை. காரணம் அதன் பம்ப். பெல்ட் வழியாக இன்ஜினோடு கட்டப்பட்டு, நீங்கள் நேர்சாலையில் போனாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பெரிய இன்ஜினுக்கு அது பொருட்டில்லை. 500, 600 சிசி இன்ஜினுக்கு அது கழுத்தில் கட்டிய கல். பானெட்டைத் திறந்தால் பம்புக்கும் குழாய்க்கும் எண்ணெய்ப் பாத்திரத்துக்கும் இடமும் கிடையாது.

இந்த இடத்தில்தான் சுசூகி வருகிறது. ஜப்பானில் 'கேய்' என்று ஒரு சிறு கார் வகை உண்டு. அளவு, இன்ஜின் எல்லாவற்றுக்கும் அரசே வரம்பு வைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் இன்ஜின் வரம்பு 550 சிசி. 1988இல் சுசூகியும், ஸ்டீயரிங் பாகங்கள் செய்யும் கோயோ செய்கோ நிறுவனமும் சேர்ந்து (கோயோ இன்று ஜேடெக்ட் நிறுவனத்தின் ஒரு பகுதி) ஒரு கேய் காரில் மின் மோட்டார் வைத்த பவர் ஸ்டீயரிங்கைக் கொண்டுவந்தன. காரின் பெயர் செர்வோ. தொடர் உற்பத்தியில் வந்த காரில் மின் பவர் ஸ்டீயரிங் வந்தது அதுதான் முதல்முறை.

படித்துக்கொண்டே வந்தவன் இங்கே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த செர்வோவுக்கு அடித்தளம் எண்பதுகளின் சுசூகி ஆல்ட்டோ. 1986 முதல் நம்மூரில் ஓடிய மாருதி 800-உம் அதே ஆல்ட்டோவின் வழிதான். அப்பாவின் வண்டிக்குப் பங்காளி முறை! அந்தப் பங்காளிக்கு 1988இலேயே கிடைத்த வசதி, 2014இல் உற்பத்தி நிற்கும் வரை நம்ம 800-க்குக் கிடைக்கவே இல்லை.

வேலை செய்யும் விதம் எளிதானது. ஸ்டீயரிங் தண்டின் நடுவில் ஒரு மெல்லிய கம்பி. நீங்கள் வளையத்தைத் திருப்பும்போது, டயர் முரண்டு பிடித்தால் அந்தக் கம்பி மிகக் கொஞ்சமாக முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கு, எந்தப் பக்கம் என்று ஒரு சென்சார் அளந்து சொல்லும். ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி அதையும் வண்டியின் வேகத்தையும் பார்த்து மோட்டாருக்குக் கரண்ட் விடும். மோட்டார் ஒரு திருகுப் பல்சக்கரத்தின் வழியாகத் தண்டைத் தள்ளும். வேகம் கூடக் கூட உதவியைக் குறைத்துக்கொள்ளும். திருப்பாதபோது மோட்டார் சும்மா இருக்கும், இன்ஜினுக்குப் பாரமில்லை. எல்லாமே டேஷ்போர்டுக்கு அடியில், ஒரே துண்டாக.

எண்ணெய் வகை மேலிருந்து கீழே வந்தது என்றால், இது கீழிருந்து மேலே போனது. 1990இல் ஹோண்டாவின் என்எஸ்எக்ஸ் ஸ்போர்ட்ஸ் காரின் ஆட்டோமேட்டிக் மாடலில் வந்தது. 1997இல் டொயோட்டா பிரியஸ். ஓடும்போதே இன்ஜின் அணைந்துவிடுகிற ஹைபிரிட் வண்டியில் பெல்ட் பம்பை நம்ப முடியாதே! 1999இல் ஃபியட் புன்டோவில், பார்க்கிங்குக்கு இன்னும் லேசாக்கிக்கொள்ள 'சிட்டி' என்று ஒரு பொத்தானே வைத்தார்கள். 2003இல் பிரியஸ் தானாகவே பார்க்கிங்கில் போய் நின்றது. ஸ்டீயரிங்கில் மோட்டார் இருந்ததால்தான் அது முடிந்தது. கனமான வண்டிகள்தான் இந்த முறை வரிசையில் பின்னால் நின்றன. 12 வோல்ட் பேட்டரியால் அவற்றின் முன் எடையைத் திருப்பும் அளவுக்கு மோட்டாரை ஓட்டுவது சுலபமாக இல்லை.

மெக்கானிக் சொன்னதன் அர்த்தம் இப்போது புரிந்தது. இடமில்லாத வண்டிக்காக, ஒரே துண்டாகப் பிறந்ததால்தான் இதைக் கழற்றி இன்னொன்றில் மாட்ட முடிகிறது. இங்கிலாந்தில் பழைய கார்ப் பிரியர்கள் வாக்ஸ்ஹால் கோர்சாவின் தண்டை இப்படித்தான் காயலான் கடையிலிருந்து எடுத்து மாட்டுகிறார்கள். வேகத் தகவல் வராவிட்டாலும் ஒரே அளவான உதவியைக் கொடுத்துக்கொண்டிருக்கும் என்பது அதன் சிறப்பு. உதவியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் வைத்துக்கொள்கிறார்கள்.

நம் வண்டியில் செய்வதானால் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, கரண்ட். நின்ற இடத்தில் திருப்பும்போது ஒரு கணம் 30, 40 ஆம்பியர் இழுக்கும். ஹெட்லைட் ஒயரிலிருந்து கிளை எடுக்கிற வேலையெல்லாம் ஆகாது. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், தனி ஃபியூஸ் வேண்டும், ஆல்டர்னேட்டரும் தாங்க வேண்டும். இரண்டு, வேகத் தகவல். 800-இன் ஸ்பீடோமீட்டர் கேபிளில் ஓடுவது, புதிய பெட்டி எதிர்பார்ப்பதோ மின் துடிப்பு. அது கிடைக்காமல், வண்டி நிற்கிறது என்று நினைத்து முழு உதவியையும் கொடுத்தால், 80 கிலோமீட்டர் வேகத்தில் விரல் பட்டாலே வண்டி அலையும். மூன்று, இணைப்பு. தண்டை வெட்டி ஒட்டவைக்கும் வெல்டிங் விட்டுப்போனால் அதற்கப்புறம் ஸ்டீயரிங்கே கிடையாது. பொருத்தமான பல் இணைப்பு கிடைக்காவிட்டால் வேலையைத் தொடவே கூடாது.

இத்தனையும் அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "ஓடும்போது கரண்ட் போயிருச்சுன்னா?"

நான் பட்டியல் போட்டதில் இந்தக் கேள்வி இல்லை. தண்டு அறுந்துவிடாது, வளையத்துக்கும் சக்கரத்துக்கும் இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கும், வண்டி திரும்பும். ஆனால் கனக்கும். மோட்டாரையும் பல்சக்கரத்தையும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் சாதா ஸ்டீயரிங்கைவிடவும் கூடுதலாகக் கனக்கும். 2010இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்த மோட்டார் கோளாறுக்காகவே கோபால்ட் முதலிய கார்களில் சுமார் 13 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. நல்ல தோள் உள்ளவன் பல்லைக் கடித்துத் திருப்பிவிடுவான். யாருக்கு இந்த உதவி மிகவும் தேவையோ, அது திடீரென்று நின்றால் ஆபத்தும் அவருக்குத்தான் அதிகம். இரண்டு வாரம் படித்தும் இது எனக்கு உறைக்கவில்லை.

அதனால் எதையும் மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை வைத்தோம். மெக்கானிக்கின் சொந்த ஆல்ட்டோவை ஒரு காலி மைதானத்துக்குக் கொண்டுபோனோம். பவர் ஸ்டீயரிங் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அப்பாவை ஓட்டச் சொன்னோம். நின்ற இடத்தில் திருப்பவே முடியவில்லை, முகம் சுளித்துவிட்டார். வண்டி உருள ஆரம்பித்ததும் இடது கையால் இழுத்துத் திருப்பினார். நடுவில் ஒரு செங்கல் வைத்து, கடைசி நேரத்தில் ஒதுங்கச் சொன்னேன். முதல் தடவை செங்கல் மேலேயே ஏற்றினார். இரண்டாவது, மூன்றாவது தடவை ஒதுங்கினார். நாலாவது தடவை வேண்டாம் என்று அவரே நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, என்ன சொல்றீங்க?" என்றார் மெக்கானிக்.

"ஊருக்குள்ள மெதுவா நான் ஓட்டிக்கிறேன். ஹைவேக்கு இவன் ஓட்டட்டும்."

இருபத்தைந்து வருடமாக யாரிடமும் சாவி கொடுக்காத மனிதர் இவர்.

இப்போது புதுப்பேட்டையில் வாங்கின ஆல்ட்டோ தண்டு ஒன்று செய்தித்தாள் சுற்றி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. வண்டியில் செய்யும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. ஆகவே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுப்பது. அதுவரை அப்பா தினமும் சாயங்காலம் சுவரில் விரல்களை ஏற்றிப் பயிற்சி செய்கிறார். போன வாரத்தைவிட ஒரு செங்கல் வரிசை மேலே போயிருக்கிறது கை.