பவளத் தொட்டி நீர்ச் சோதனைப் பெட்டி

பவளத் தொட்டி நீர்ச் சோதனைப் பெட்டி என்பது பவளங்களும் கடல் மீன்களும் வளர்க்கப்படும் உவர்நீர்த் தொட்டியின் நீரில் கரைந்துள்ள பொருட்களின் அளவை அறிய உதவும் வேதிப்பொருள் தொகுப்பு ஆகும். அமோனியா நீரின் தெளிவை மாற்றுவதில்லை. எனவே தெளிந்த நீரிலும் உயிரினங்கள் நஞ்சூட்டப்பட்டு இறக்கக்கூடும்.

வகைகள்

நிற ஒப்பீட்டு முறையில், வேதிப்பொருள் சேர்த்த நீரின் நிறம் வண்ண அட்டையுடன் ஒப்பிடப்படுகின்றது. தரம்பார்த்தல் முறையில், நிறம் மாறும் வரை இடப்படும் துளிகள் எண்ணப்படுகின்றன. ஒளிமானிகள் நிறத்தின் செறிவை எண்ணாகக் காட்டுகின்றன.

தெரிவு

புதிய தொட்டியில் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதனை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் போதிய அளவில் இருப்பதில்லை. ஆகவே அமோனியா, நைட்ரைட்டுச் சோதனைகள் முதலில் தேவைப்படுகின்றன. கற்பவளங்கள் கால்சியம், கார்பனேட்டு ஆகியவற்றைக் கொண்டே தம் எலும்புக்கூட்டை அமைக்கின்றன. எனவே அவை வளரும் தொட்டிக்குக் காரத்தன்மை, கால்சியம், மக்னீசியம் ஆகிய சோதனைகள் இன்றியமையாதவை. இயல்பான கடல்நீரில் லிட்டருக்குக் கால்சியம் ஏறத்தாழ 420 மில்லிகிராமும், மக்னீசியம் ஏறத்தாழ 1,300 மில்லிகிராமும் உள்ளன. நன்னீருக்கு மட்டுமே உரிய பெட்டிகள் உவர்நீரில் பிழையான அளவைக் காட்டலாம்.

பயன்பாடு

உப்புத்தன்மை முதலில் அளக்கப்படவேண்டும். அது குறைந்திருந்தால் கால்சியமும் மக்னீசியமும் குறைவாகவே தெரியும். நீரில் நைட்ரைட்டு இருப்பின், நைட்ரேட்டு அளவு மிகையாகத் தோன்றக்கூடும். காலாவதியான வேதிப்பொருட்களைத் தவிர்க்கவேண்டும். எதிர்பாராத முடிவு கிடைத்தால் சோதனையை மீண்டும் செய்து உறுதிப்படுத்திய பின்னரே தொட்டியில் உப்புக்கரைசல்களைச் சேர்க்கவேண்டும். பிழையான அளவை நம்பிக் காரத்தன்மையைத் திடீரென உயர்த்துவது பவளங்களின் இறப்புக்குக் காரணமாகலாம்.