மருகல் நகரில் ஒரு பெயரில்லாப் பெண்

தாராசுரத்து ஐராவதேசுவரர் கோயிலின் அடித்தளத்தில், அடியார் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாக வரிசையாய் அமைந்திருப்பதை நம் வட்டத்து அன்பர்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். குனிந்தும் அமர்ந்தும் பார்க்க வேண்டிய சிற்பங்கள் அவை. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம், அவன் மகன் இரண்டாம் இராசராசன் எழுப்பிய இக்கோயிலில் ஒரு தலைமுறைக்குள்ளேயே கல்லில் ஏறிவிட்டது. அவற்றின்முன் நிற்கும்போதெல்லாம், அடியார் கணக்கில் சேராத ஒருத்தி என் நினைவுக்கு வருவாள். திருமருகலில் ஓர் இரவு மட்டும் கைம்பெண்ணாயிருந்தவள் அவள். சேக்கிழார் அவள் தந்தைக்குப் பெயர் தருகிறார்; அவளுக்குத் தரவில்லை.

கணவனை இழந்தவளுக்குத் தொல்காப்பியம் காட்டும் வழிகள் இரண்டு: அவனோடு எரிபுகுதல், அன்றேல் தாபத நிலை. சோழர் குடும்பத்திலேயே இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. சுந்தர சோழன் இறந்தபோது, பால்குடி மாறாத மகவையும் விட்டுத் தீயிற் புகுந்தாள் வானவன்மாதேவி. இதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. கண்டராதித்தனை இழந்த செம்பியன்மாதேவியோ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உயிர்வாழ்ந்து, காவிரிக்கரைச் செங்கற்றளிகளைக் கற்றளிகளாக்கினார். மூன்றாவது வழி ஒன்று, அதாவது கைம்பெண் மீண்டும் காதலனோடு வாழும் வழி, அக்கால இலக்கியத்தில் திறந்திருக்கவில்லை. சேக்கிழார் அதைத் தாலிக்கு முந்திய பொழுதில் வைத்துத் திறக்கிறார்.

கதையை நீங்கள் அறிவீர்கள். எனினும் அதன் தொடக்கத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வைப்பூர் வணிகன் தாமனுக்குப் பெண்கள் எழுவர். மூத்தவள் மருமகனுக்கே என்று வாக்களித்தவன், பெரும்பொருள் கண்டதும் அவளை அயலானுக்குக் கொடுத்தான். அடுத்தவளையும் அப்படியே செய்தான். இவ்வாறு அறுவரும் போயினர். மாமன் சொல்லை நம்பி நம்பித் தளர்ந்துபோன அந்த முறைமாப்பிள்ளையின்மேல் ஏழாமவளுக்கு இரக்கம் பிறந்தது. பெற்றோர் அறியாமல் அவனோடு புறப்பட்டுவிட்டாள். அழகுக்கோ வீரத்துக்கோ மயங்கி அவள் போகவில்லை. ஆறுமுறை ஏமாற்றப்பட்ட ஒருவனுக்குத் தன் வீட்டார் பட்ட கடனைத் தானே தீர்க்கப் போகிறாள். வழித்துணை அவன்தான், ஆனால் அங்கே காப்பவர் யார், காக்கப்படுபவர் யார் என்று சொல்வது கடினம்.

மருகல் கோயிலருகே தங்கிய இரவில் அவனைப் பாம்பு தீண்டிவிட்டது. அவள் தீண்டவில்லை, மணம் ஆகாதவள் ஆதலால் தொட்டு அழவும் உரிமை இல்லை. தீண்டுதல் என்ற ஒரே வினையை அரவுக்கும் அவளுக்கும் வைத்து, ஒன்றில் செயலையும் மற்றொன்றில் செயலின்மையையும் சேக்கிழார் காட்டும் இடத்தைக் கவிஞர் நண்பர்கள் மெல்லப் படித்துப் பார்க்க வேண்டும். மந்திரம் வல்லோர் முயன்றும் விடம் இறங்கவில்லை. அகப்பாடல்களில் உடன்போக்கு உண்டு. செவிலி தேடிச் செல்வாள், நற்றாய் புலம்புவாள். வழியிலே தலைவன் மாய்ந்தால் தலைவி என்ன ஆவாள் என்ற கேள்வியை அந்த மரபு எழுப்புவதில்லை. மனைவியுமல்லள், கைம்பெண்ணும் அல்லள் என்ற அந்த இடைவெளியில் இவள் இருக்கிறாள்.

அங்கு வந்த சம்பந்தரிடம் தன் கதையைத் தானே சொல்கிறாள். தந்தையின் பொருளாசையை மறைக்கவில்லை. வீட்டைவிட்டு வந்ததற்கு நாணவும் இல்லை.  கடல் நடுவே கலம் கவிழ்த்தவரைப் போல் நின்றேன் என்கிறாள். வணிகர் வீட்டுப் பெண்ணுக்கு வேறு எந்த உவமை வரும்? நீர் சுற்றத்தாரைப் போல் வந்தீர் என்றும் சொல்கிறாள். அந்தச் சுற்றத்தார் ஒரு பிள்ளை.

இரண்டாம் திருமுறையிலுள்ள மருகல் பதிகத்தை மட்டும் தனியே எடுத்துப் படித்தால், பாம்பு கடித்ததும் ஒருவன் இறந்து கிடப்பதும் அதில் வெளிப்படையாக இல்லை. இறைவனை அழைத்து அழைத்து மெலியும் ஒரு பெண்ணும், இது உனக்குத் தகுமா என்று அவளுக்காக வழக்காடும் குரலுமே உள்ளன. அகத்துறைப் பாட்டு என்றே கொள்ளலாம். அதைச் சுற்றி வளர்ந்த மரபை முழுக்கதையாக்கிய சேக்கிழார், துறைப்பாட்டின் தலைவிக்கு ஊரும் தந்தையும் ஆறு அக்காள்மாரும் கொடுத்து அவளை மண்ணில் நிறுத்தினார். இறைவன்மேற் காதலா, மனிதன்மேற் காதலா என்று பிரிக்க அவர் முயலவில்லை. நானும் முயலப் போவதில்லை.

இதற்கு இணையான கதை நம் ஊருக்கு இன்னும் அருகில், கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பயத்தில் வழங்குகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அது கடைசிப் படலம். அங்கும் வணிகர் மகள், அரவு, சம்பந்தர், உயிர்மீட்பு. வன்னியும் கிணறும் இலிங்கமும் சான்றாக மணம். ஆனால் இப்பெண் தானாகப் புறப்பட்டவள் அல்லள். தந்தை இறந்தபின் சுற்றத்தாரால் முறைமாப்பிள்ளையோடு அனுப்பப்பட்டவள். மதுரையில் மூத்தாள் ஒருத்தியும் இருக்கிறாள். உன் மணத்துக்குச் சான்று எங்கே என்று அவள் கேட்க, வன்னியும் கிணறும் இலிங்கமும் மதுரைக் கோயிலுக்கே வந்து நிற்கின்றன. வன்னி மரத்தைச் சான்றாக நிறுத்திய பூம்புகார்ப் பெண்ணைச் சிலப்பதிகாரத்துக் கண்ணகியும் குறிப்பிடுவதால், இந்தச் சான்றுக் கதை மிகப் பழையது. மருகல் பெண்ணிடம் எவரும் சான்று கேட்கவில்லை. அவள் சொல்லே போதுமானதாக இருந்தது. பின்வந்த கதையில் மரமும் கிணறும் பேசவேண்டியிருக்கிறது. எனக்கு முன்னதே உயர்வாகப் படுகிறது. எனினும் மூத்தாளின் கேள்வியைக் கொடுமை என்று தள்ளவும் மனம் வரவில்லை. அவளும் தன் வீட்டு வாசலில் நின்று கேட்கிறாள்.

மருகலில் உயிர்பெற்றெழுந்தவனுக்கும் அவளுக்கும் மணம் கூட்டிவிட்டுச் சம்பந்தர் தம் வழியே செல்கிறார். காப்பியமும் அவரோடு சென்றுவிடுகிறது. இருவரும் வைப்பூருக்குத் திரும்பினார்களா, தாமன் அவர்களை ஏற்றானா என்பது சேக்கிழாரின் பாட்டில் இல்லை.